நினைவகம் போதவில்லை: கல்கத்தாவின் காந்த உருளை முதல் வீட்டுக் கணினி வரை ஒரு பிழைச்செய்தியின் வரலாறு

1990களின் தொடக்கத்தில் எழுதப்பட்ட ஓர் அகராதித் தொகுப்பு மென்பொருளை, 16 ஜிகாபைட் நினைவகம் கொண்ட இன்றைய வீட்டுக் கணினியில், அதற்குரிய பழைய இயங்குதளத்தையும் நிறுவி இயக்க முற்படுவோர் எதிர்கொள்ளும் முதற் செய்தி பெரும்பாலும் ஒன்றே: 'நினைவகம் போதவில்லை'. அம்மென்பொருள் எழுதப்பட்ட நாளில் அது கனவு காணக்கூடிய உச்ச அளவு 640 கிலோபைட். இன்று அக்கணினியில் இருப்பதோ அதைப்போல் ஏறத்தாழ 26,000 மடங்கு. இருந்தும் மென்பொருள் போதவில்லை என்கிறது.

இச்செய்தியைக் கண்டவுடன் கூடுதல் நினைவகம் வாங்கிப் பொருத்துவது இயல்பான எதிர்வினை. பழைய மென்பொருளைப் பொறுத்தவரை அது பல வேளைகளில் நோயை முற்றச் செய்யும். ஒவ்வொரு மென்பொருளும் தன் காலத்துக் கணினி ஒன்றை உள்ளூரக் கற்பித்துக்கொண்டே எழுதப்படுகிறது. அக்கற்பிதக் கணினிக்கும் எதிரே உள்ள கணினிக்கும் இடையிலான முரண்பாடே பெரும்பாலும் நினைவகப் பிழையாக வெளிப்படுகிறது. ஆகவே இப்பிழையைச் சரிசெய்வது பொறியியற் பணி மட்டுமன்று. ஒரு சுவடியின் பாடவேறுபாட்டைக் கொண்டு அது எக்காலத்தில், எந்த மூலத்திலிருந்து படியெடுக்கப்பட்டது என்று கண்டறிவதற்கு ஒப்பான வரலாற்றுப் பணியுமாகும். இந்தியாவில் இவ்வரலாறு தொடங்கும் இடம் கல்கத்தா.

1. பரானகரின் உருளை

பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1931இல் தோற்றுவித்த இந்தியப் புள்ளியியல் நிறுவனம், 1950களில் நாட்டின் திட்டமிடலுக்கும் தேசிய மாதிரிக் கணக்கெடுப்புக்கும் உரிய பெருங்கணக்குகளைச் சுமந்துகொண்டிருந்தது. மேசைக் கணக்கிகளும் துளையட்டை எந்திரங்களுமே அதன் கருவிகள். 1953இல் சமரேந்திர குமார் மித்ராவின் முயற்சியில், பத்து மாறிகள் கொண்ட ஒருபடிச் சமன்பாடுகளைத் தீர்க்கவல்ல ஒப்புமைக் கணினி ஒன்று அங்கேயே உருவாக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து, பிரிட்டிஷ் டாபுலேட்டிங் மெஷின் நிறுவனத்தின் எச்இசி-2எம் என்னும் இலக்கமுறைக் கணினி இங்கிலாந்திலிருந்து வாங்கப்பட்டு, 1955–56இல் கல்கத்தாவின் வடபுறத்தே பரானகரில் உள்ள நிறுவன வளாகத்தில் நிறுவப்பட்டது. இந்தியாவின் முதல் இலக்கமுறைக் கணினி இதுவே.

இக்கணினியின் நினைவகம் ஒரு காந்த உருளை. அதன் கொள்ளளவு 1,024 சொற்கள். இங்குச் 'சொல்' என்பது மொழியியலாரின் சொல்லன்று. ஓர் எண்ணையோ ஒரு கட்டளையையோ வைக்கும் ஓரிடம். இன்றைய அளவையில் மொத்தமும் சில கிலோபைட்டே. ஒருங்குறித் தமிழ் எழுத்துகளைச் சேமிக்கும் வழக்கமான முறையில் ஒவ்வொரு குறியும் 3 பைட் கொள்ளும். அவ்வாறு கணக்கிட்டால், இக்கட்டுரையின் ஒரு சிறு பகுதியை மட்டுமே அவ்வுருளை தாங்கியிருக்கும்.

உருளை இடைவிடாது சுழலும். படிக்கும் தலைகள் நிலையாக நிற்கும். வேண்டிய சொல் தலைக்கு நேரே வரும்வரை எந்திரம் காத்திருக்கும். எனவே உருளைக் கணினிகளுக்கு நிரல் எழுதுவோர் அடுத்த கட்டளையை அடுத்த இடத்தில் வைப்பதில்லை. முதற் கட்டளை நிறைவேறி முடியும் கணத்தில் உருளையின் எப்பகுதி தலைக்குக் கீழ் வந்திருக்குமோ அவ்விடத்தில் வைப்பர். நினைவகத்தின் ஒவ்வோர் இடமும் நிரலருக்குப் பெயர் தெரிந்த அண்டை வீடு போன்றது. போதாமை அவர்களுக்குப் பிழைச்செய்தியாக வந்து சேரவில்லை. எழுதும் தாளின் பரப்பைப் போல, தொடங்கும் முன்பே அறிந்த எல்லையாக அது இருந்தது.

எச்இசி வரிசைக் கணினிகளுக்கு அடிப்படையாக அமைந்தது லண்டன் பிர்க்பெக் கல்லூரியில் ஆண்ட்ரூ டொனால்ட் பூத் உருவாக்கிய வடிவமைப்பு. மொழியியல் மாணவர்களுக்கு இப்பெயர் வேறொரு வழியில் அறிமுகமானது. எந்திர மொழிபெயர்ப்பு குறித்து அவரும் வில்லியம் லாக்கும் பதிப்பித்த தொகுப்பு நூல் 1955இல் வெளிவந்தது. அதற்கும் முன்பாக, 1940களின் இறுதியில், பூத்தும் ரிச்சர்ட் ரிச்சன்ஸும் எந்திர அகராதியின் அமைப்பை ஆராய்ந்தபோது, சொல்லின் ஒவ்வொரு திரிந்த வடிவத்தையும் தனித்தனியே சேமித்தால் நினைவகம் தாங்காது என்பதால், பகுதியையும் விகுதியையும் பிரித்து இருவேறு பட்டியல்களில் வைக்கும் வழியை மேற்கொண்டனர். நன்னூலார் பதவியலில் இலக்கணத் தெளிவின்பொருட்டுச் செய்த பகுப்பை, இவர்கள் இடநெருக்கடியின்பொருட்டுச் செய்தனர் எனலாம். ஒரு வினைப்பகுதி எண்ணற்ற வடிவங்களை ஏற்கும் தமிழுக்குப் பின்னாளில் சொற்பிழை திருத்திகளை உருவாக்கியோரும் இதே வழியைத்தான் நாடவேண்டியிருந்தது. நினைவகத்தின் போதாமை மொழியாய்வுக்குத் தடையாக மட்டும் இருக்கவில்லை. அதன் முறையியலையும் வடிவமைத்தது.

1950களின் இறுதியில், ஐக்கிய நாடுகள் அவையின் தொழில்நுட்ப உதவியின் வழி, சோவியத் நாட்டின் உரால் கணினி அதே நிறுவனத்துக்கு வந்தது. அதுவும் காந்த உருளை நினைவகம் கொண்டதே. மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1960இல் செயற்பாட்டுக்கு வந்த டிஃப்ராக், சுழலும் உருளையைக் கைவிட்டு, 2,048 சொற்கள் கொண்ட காந்த வளைய நினைவகத்தைக் கையாண்டது. புள்ளியியல் நிறுவனமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் இணைந்து உருவாக்கிய ஐசிஜு-1 என்னும் டிரான்சிஸ்டர் கணினி 1966இல் இயங்கத் தொடங்கியது. இவை அனைத்தும் நிறுவனங்களின் கணினிகள். அவற்றின் எல்லையை அறிந்த வல்லுநர் குழு எந்திரத்தின் அருகிலேயே இருந்தது. எல்லையை அறியாத ஒருவர் தனியே அமர்ந்து பிழைச்செய்தியைப் படிக்கும் காட்சி, கணினி வீட்டுக்குள் நுழைந்த பின்னரே சாத்தியமாயிற்று.

2. 640 என்னும் எல்லைக்கோடு

1981இல் ஐபிஎம் வெளியிட்ட தனியாள் கணினியில் இருந்தது இன்டெல் 8088 செயலி. அதன் முகவரிக் கம்பிகள் 20. எனவே அது சுட்டக்கூடிய இடங்கள் 10,48,576 பைட், அதாவது ஒரு மெகாபைட். இதில் கீழிருந்து 640 கிலோபைட் நிரல்களுக்கும், மேலுள்ள 384 கிலோபைட் திரை நினைவகம், நிலைத்த நிரல்கள், விரிவாக்க அட்டைகள் ஆகியவற்றுக்கும் எனப் பிரிக்கப்பட்டது. ஒரு கணினியின் வடிவமைப்பில் வரையப்பட்ட இக்கோடு, அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குக் கோடிக்கணக்கான கணினிகளில் அப்படியே நீடித்தது. பின்வந்த செயலிகள் பன்மடங்கு நினைவகத்தைக் கையாள வல்லவையாயினும், டாஸ் இயங்குதளத்தின் நிரல்கள் அந்த 640க்குள்ளேயே வாழ்ந்தன.

1984ஆம் ஆண்டின் கணினிக் கொள்கை இறக்குமதி விதிகளைத் தளர்த்தியது. அதன்பின் உதிரிபாகங்களைச் சேர்த்துக் கட்டப்படும் கணினிகள் இந்திய நகரங்களில் பெருகின. சென்னைக்கு ரிச்சி தெரு எப்படியோ, கல்கத்தாவுக்குச் சாந்தினி சவுக் அப்படி. அத்தெருவில் கட்டப்பட்ட கணினியும் நியூயார்க்கில் விற்கப்பட்ட கணினியும் ஒரே எல்லைக்கோட்டைக் கொண்டிருந்தன. ஆனால் அக்கோட்டுக்குள் இடப்படவேண்டிய சுமை ஒன்றாக இருக்கவில்லை.

ஆங்கிலம் எழுதுபவரின் திரை 80 நெடுவரிசைகளும் 25 வரிகளும் கொண்டது. ஒவ்வோர் எழுத்துக்கும் 2 பைட் என 4,000 பைட்டில் திரை முழுதும் அடங்கிவிடும். எழுத்தின் உருவத்தைத் திரை அட்டையே வரைந்துகொள்ளும். தமிழையோ வங்காளத்தையோ எழுதுபவர் திரையைப் புள்ளி புள்ளியாக வரையவேண்டும். 640 × 200 புள்ளிகள் கொண்ட கருப்பு வெள்ளைத் திரைக்கே 16,000 பைட் வேண்டும். அது மேற்பகுதியில் உள்ள திரை நினைவகத்தில் அமரும். எழுத்துருவங்களும், அவற்றை வரையும் நிரலும், தட்டச்சை இடைமறித்து 'க'வுக்குப் பின் வரும் ஒகரக் குறியை இருபுறமும் பிரித்து இடும் தருக்கமும் 640க்குள் அமரவேண்டும். வங்காளத்தின் கூட்டெழுத்துகள் இச்சுமையை மேலும் பெருக்கின. இந்திய மொழியில் எழுதுபவர், தம் ஆவணத்தின் முதல் எழுத்தை இடும் முன்பே நினைவகத்தின் ஒரு பகுதியைத் தம் எழுத்து முறைக்கு வரியாகச் செலுத்திவிடுகிறார்.

இவ்வரியைக் குறைக்க இருவழிகள் பின்பற்றப்பட்டன. ஒன்று, வன்பொருள் வழி. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கி, பின்னர்ப் புனேயின் சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த ஜிஸ்ட் தொழில்நுட்பம், எழுத்து வரையும் வேலையைத் தனியோர் அட்டையிடம் ஒப்படைத்தது. வேர்டுஸ்டார், டிபேஸ் போன்ற ஆங்கில மென்பொருள்கள் தாம் இந்திய மொழியைக் கையாள்கிறோம் என்பதை அறியாமலே கையாண்டன. அதன் அடியில் இருந்த இஸ்கி குறியேற்றம் 1991இல் இந்தியத் தர நிர்ணயமாக ஏற்கப்பட்டது. மற்றொன்று, மென்பொருள் வழி. கனடாவில் வாழ்ந்த கு. சீனிவாசன் உருவாக்கிய ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு ஆகிய 1980களின் தமிழ் மென்பொருள்கள் தனி அட்டை ஏதுமின்றித் தனியாள் கணினிகளில் தமிழை எழுதவைத்தன.

இக்காலத்தின் பயனர்கள் நினைவக மேலாண்மையைக் கற்றுத் தேர்ந்தது விருப்பத்தால் அன்று. லோட்டஸ், இன்டெல், மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்றும் 1985இல் முன்வைத்த 'விரித்த நினைவகம்' என்னும் முறை, மேற்பகுதியில் 64 கிலோபைட் அளவுள்ள சன்னல் ஒன்றைத் திறந்து, அதன் வழியே கூடுதல் நினைவகத்தின் துண்டுகளை மாறிமாறிக் காட்டியது. பின்னர் வந்த 'நீட்டித்த நினைவகம்' ஒரு மெகாபைட்டுக்கு மேலுள்ள பகுதியை நேரடியாக ஒதுக்கித் தந்தது. 1991இல் வெளிவந்த எம்எஸ்-டாஸ் 5, தன் உடலின் பெரும்பகுதியை 640க்கு வெளியே நகர்த்திக்கொள்ளக் கற்றது. கான்ஃபிக்.சிஸ் என்னும் சிறு கோப்பில் எந்த வரி முதலில் வரவேண்டும், எந்த இயக்கியை மேலே ஏற்றவேண்டும் என்பதைத் திருத்தித் திருத்தி, 580 கிலோபைட் இருந்த இடத்தில் 610 கிலோபைட் கிடைத்தால் அது வெற்றி. மென்பொருளுக்கு 600 வேண்டும். எனவே அந்த 30இல்தான் அன்றைய வேலை நடக்கும்.

3. மிகுதியால் விளையும் பிழைகள்

போதாமையால் வரும் பிழையைப் புரிந்துகொள்வது எளிது. வரலாற்று நோக்கில் சுவையானது, மிகுதியால் வரும் பிழை. அதற்கு மூன்று சான்றுகள் போதும்.

முதலாவது, 21ஆம் கம்பியின் கதை. 8088 செயலியில் ஒரு மெகாபைட்டைத் தாண்டிய முகவரியைச் சுட்டினால், 20 கம்பிகளே இருப்பதால் அது சுற்றிவந்து நினைவகத்தின் தொடக்கத்தைக் காட்டும். சில நிரல்கள் இக்குறையையே வசதியாகப் பயன்படுத்தின. 1984இல் வந்த ஐபிஎம் ஏடி கணினியின் 80286 செயலிக்கு 24 கம்பிகள். அங்கே முகவரி சுற்றி வராது; உண்மையாகவே மேலே செல்லும். பழைய நிரல்கள் உடையாதிருக்க, 21ஆம் கம்பியை வேண்டும்போது அடைத்துவைக்கும் வாயில் ஒன்று அமைக்கப்பட்டது. அதனைத் திறந்து மூடும் பொறுப்பு, விசைப்பலகையைக் கட்டுப்படுத்தும் சில்லில் மீதமிருந்த ஒரு முனைக்குத் தரப்பட்டது. பழைய கணினியின் குறை, புதிய கணினியில் திட்டமிட்டுப் பேணப்பட்டது.

இதன் விளைவு சில ஆண்டுகள் கழித்து வெளிப்பட்டது. எக்ஸ்பேக் என்னும் கருவியால் சுருக்கப்பட்ட நிரல்கள், தம்மை விரித்துக்கொள்ளும்போது அந்தச் சுற்றிவரும் பண்பைத் தம்மையறியாமல் சார்ந்திருந்தன. எனினும் நினைவகத்தின் முதல் 64 கிலோபைட்டை டாஸ் தானே அடைத்துக்கொண்டிருந்தவரை, அந்நிரல்கள் அதற்கு மேலேயே ஏற்றப்பட்டதால் குறை வெளியே தெரியவில்லை. டாஸ் 5 தன்னை மேலே நகர்த்திக்கொண்டபோது கீழ்ப்பகுதி காலியாயிற்று. 21ஆம் கம்பியும் திறந்தே இருந்தது. அங்கே ஏற்றப்பட்ட நிரல்கள், சுருக்கிய கோப்பு பழுதுற்றது என்னும் பொருளில் ஓர் ஆங்கிலச் செய்தியைக் காட்டி நின்றன. கோப்பில் எப்பழுதும் இல்லை. கீழே காலியிடம் இருந்ததே குற்றம். இதற்கென மைக்ரோசாஃப்ட் அளித்த மருந்து லோட்ஃபிக்ஸ் என்னும் கட்டளை. அது செய்வதெல்லாம், முதல் 64 கிலோபைட்டை வெறுமனே அடைத்துவிட்டு நிரலை அதற்கு மேல் ஏற்றுவதே. வேலை நடக்க இடத்தை வீணாக்கவேண்டியிருந்தது.

இரண்டாவது, விண்டோஸ் 3.1. அதில் சன்னல்கள், எழுதுகோல்கள், எழுத்துரு விவரங்கள் போன்றவற்றைப் பதிந்துவைக்கும் குவியல்கள் 64 கிலோபைட்டைத் தாண்ட இயலாதவை. கணினியில் 16 மெகாபைட் இருந்தாலும், அச்சிறு குவியல் நிறைந்துவிட்டால் 'நினைவகம் போதவில்லை' என்ற செய்தியே வரும். பெரிய மாளிகையில் சாவிகளை மாட்டும் பலகை மட்டும் நிறைந்துபோன நிலை அது. பல சன்னல்களையும் பல எழுத்துருக்களையும் ஒருசேரத் திறந்துவைத்து வேலை செய்வோர் இதற்கு எளிதில் ஆட்பட்டனர். மென்பொருள்களை மூடுவதே தீர்வு. புதிய நினைவகம் வாங்கிப் பொருத்துவதால் பயனில்லை.

மூன்றாவது, விண்டோஸ் 98. 512 மெகாபைட்டுக்கு மேல் நினைவகம் பொருத்தினால், வட்டிலிருந்து படித்தவற்றை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் அதன் இயக்கி, உள்ள அளவுக்கேற்பத் தன் உரிமையையும் பெருக்கிக்கொண்டு, முகவரி வெளியின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. மற்றவற்றுக்கு முகவரிகள் எஞ்சவில்லை. விண்டோஸ் தொடங்க மறுக்கும். தொடங்கினாலும் டாஸ் சன்னல் திறக்காது. அப்போது வரும் செய்தியும் போதாமையைப் பற்றியதே. சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்பின் விகேஷ் பகுதியில் உச்ச வரம்பாக 5,24,288 அல்லது அதனினும் குறைந்த எண்ணை இட்டால் சரியாகும். ஆசையைக் கட்டுப்படுத்தினால் அமைதி கிடைக்கும் என்பதை இயங்குதளமும் ஒப்புக்கொண்ட இடம் இது.

இவற்றோடு, எண்ணத் தெரியாமையால் வரும் பிழையும் உண்டு. குறியோடு கூடிய 32 துகள் எண் 2,147,483,647 வரைதான் எண்ணும். அதற்கு மேற்பட்ட அளவை அவ்வெண்ணில் இட்டால் அது எதிர்ம எண்ணாகிவிடும். 2 ஜிகாபைட்டுக்கு மேல் நினைவகமோ வட்டில் காலியிடமோ உள்ள கணினியில், பழைய நிறுவல் நிரல்கள் அவ்வளவைப் பூச்சியத்துக்கும் கீழாகக் கண்டு, இடமில்லை என்று மறுப்பது இதனாலேயே.

4. பிழையைப் படிக்கும் முறை

மேற்கண்டவற்றிலிருந்து ஒரு படிமுறை பெறப்படுகிறது. முதலில், நினைவகச் சில்லுகள் நலமாக உள்ளனவா என்று அறியவேண்டும். பல மென்பொருள்களில், வெவ்வேறு நேரங்களில், வெவ்வேறு பிழைகள் தோன்றினால் ஐயம் வன்பொருளின் மேல் விழவேண்டும். மெம்டெஸ்ட் போன்ற சோதனை நிரலை ஓரிரவு முழுதும் ஓடவிடுவது வழக்கம். கல்கத்தாவைப் போன்ற ஈரப்பதம் மிக்க நகரங்களில் நினைவக அட்டையின் தொடுமுனைகளில் மங்கல் படிவதும், பென்சில் அழிக்கும் ரப்பரால் அதைத் தேய்த்துத் துடைத்து மீண்டும் பொருத்துவதும் பழுதுபார்ப்போர் நன்கறிந்தவை.

ஒரே மென்பொருளில், ஒரே இடத்தில், ஒரே செய்தி திரும்பத் திரும்ப வந்தால், சில்லுகளைக் குறைகூறுவதில் பொருளில்லை. அங்கே கேட்கவேண்டிய வினா: இம்மென்பொருள் எக்காலத்தது? எந்த நினைவகத்தை அது கேட்கிறது? 640க்கு உட்பட்டதையா, விரித்ததையா, நீட்டித்ததையா? அது எதிர்பார்த்த உச்ச அளவு எவ்வளவு? விடை கிடைத்தபின், அக்காலக் கணினியைப் புதிய கணினிக்குள் மீட்டமைக்கவேண்டும். 64 துகள் விண்டோஸ் 16 துகள் நிரல்களை நேரடியாக இயக்குவதில்லை என்பதால் இது தவிர்க்கவியலாதது.

விளையாட்டுகளை இயக்கும் நோக்கில் 2002இல் வெளிவந்த டாஸ்பாக்ஸ் இதற்குப் பெரிதும் உதவுகிறது. அது போலிசெய்யும் கணினிக்கு இயல்பாகத் தரப்படும் நினைவகம் 16 மெகாபைட். அதனைக் கூட்டவும் குறைக்கவும், விரித்த நினைவகம், நீட்டித்த நினைவகம் ஆகியவற்றை வேண்டாதபோது அடைக்கவும் அதன் அமைப்புக் கோப்பில் வழி உண்டு. லோட்ஃபிக்ஸ் கட்டளையும் அதில் பேணப்பட்டுள்ளது. விண்டோஸ் 98 காலத்து மென்பொருளாயின், மெய்நிகர்க் கணினி ஒன்றை அமைத்து, அதற்கு 128 அல்லது 256 மெகாபைட் மட்டும் ஒதுக்குவது தக்கது. அளவைக் குறைத்தால் பிழை நீங்குகிறது என்பதை ஏற்க மனம் தயங்கும். அத்தயக்கமே பலரைத் தவறான திசையில் செலுத்துகிறது.

5. எதற்காக இவ்வளவு பாடு?

இவையெல்லாம் பழைய விளையாட்டுகளின் மேல் பற்றுக்கொண்டோரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட இயலாது. இந்திய மொழிகளின் முதல் தலைமுறை மின்தரவுகள் இக்காலத்தைச் சேர்ந்தவை. 1991இல் இந்திய அரசின் திட்டத்தின்கீழ்த் தொடங்கப்பட்ட சொற்றொகுதிகள், மொழி ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 30 இலட்சம் சொற்களை இலக்காகக் கொண்டன. தென்னிந்திய மொழிகளின் பணி மைசூரின் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தில் நடந்தது. சொல்லுக்கு 7 பைட் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் ஒரு மொழியின் தொகுதி 2 கோடி பைட்டைத் தாண்டும். அதாவது 640 கிலோபைட்டைப்போல் 30 மடங்குக்கு மேல். பரானகரில், பித்யுத் பரண் சௌதுரியும் உமாபத பாலும் உருவாக்கிய வங்காள எழுத்துணரி முறை 1998இல் வெளியிடப்பட்டது. ஏ4 அளவுத் தாள் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளிகளாகக் கருப்பு வெள்ளையில் வருடினாலே 10 இலட்சம் பைட்டுக்கு மேல் ஆகும். ஒரே ஒரு பக்கம் அந்த எல்லைக்கோட்டை மீறும். அக்கால ஆய்வு, கருவியின் எல்லையோடு நடத்திய பேரத்தின் ஊடாகவே முன்னேறியது.

நிறுவனத் தரவுகளுக்கேனும் புதிய வடிவங்களுக்கு மாறிச்செல்லும் வாய்ப்பு இருந்தது. தனி ஆய்வாளர்களின் வீட்டுக் கணினிகளில் உருவானவற்றின் நிலை வேறு. ஷூபாக்ஸ் மென்பொருளில் தொகுக்கப்பட்ட களப்பணிக் குறிப்புகள், டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் டாக்ட் நிரலுக்காகக் குறியிடப்பட்ட பாடங்கள், டிபேஸ் அட்டவணைகளாக இடப்பட்ட வட்டாரச் சொற்கள், முனைவர் பட்ட ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ஒரு பகுதி மட்டும் அச்சேறிய சொல்லடைவுகள் ஆகியன நெகிழ்வட்டுகளிலும் கழித்துக்கட்டப்பட்ட வன்வட்டுகளிலும் தங்கியுள்ளன. இவற்றுள் ஷூபாக்ஸ் கோப்புகள் எளிய உரையாக இருப்பதால் மென்பொருளின்றியும் படிக்கத்தக்கவை. மூல மென்பொருளின் வழியாக மட்டுமே திறக்கும் கோப்புகளுக்கு நினைவகப் பிழை என்பது பூட்டிய வாயில். அதைக் கடந்தபின்னும், தனியார் எழுத்துருவின் குறியேற்றத்தில் எழுதப்பட்ட தமிழ், உரிய எழுத்துரு இல்லையேல் இலத்தீன் குறிகளின் குப்பையாகவே தோன்றும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தரப்படுத்தப்பட்ட டாம், டாப் குறியேற்றங்களுக்கு முற்பட்ட கோப்புகளில் இச்சிக்கல் மிகுதி. ஜிஸ்ட் அட்டையை நம்பி எழுதப்பட்டவற்றுக்கோ, டாஸ்பாக்ஸ் அவ்வட்டையைப் போலிசெய்வதில்லை என்பதால், இஸ்கியை ஒருங்குறிக்கு மாற்றும் நிரலே வழி.

இங்கே ஒரு பாடம் தெளிவாகிறது. தரவைப் பேணுவது என்பது கோப்பை மட்டும் படியெடுத்து வைப்பதன்று. மென்பொருளின் பெயர், பதிப்பு எண், இயங்குதளம், எழுத்துரு, குறியேற்றம், கான்ஃபிக்.சிஸ் கோப்பின் சில வரிகள் ஆகியன கோப்போடு சேர்ந்தே வாழவேண்டியவை. ஒரு சுவடியின் பதிப்பாசிரியர், ஏடு எங்குக் கிடைத்தது, எவர் எழுதியது, எத்தனை ஏடுகள் சிதைந்தன என்றெல்லாம் முன்னுரையில் குறிப்பது போல, மின்தரவை விட்டுச்செல்லும் ஆய்வாளர் அது எக்கணினியில் உயிரோடிருந்தது என்பதைக் குறித்துவைப்பது கடன். அவ்விவரம் அரைப்பக்கத்தில் அடங்கும். அது இல்லாதபோது, பின்வரும் மாணவர் பல வாரங்களை இழப்பார். அல்லது தரவையே கைவிடுவார்.

கல்கத்தாவின் அலிப்பூரில் உள்ள தேசிய நூலகத்தில், சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் எஸ். வையாபுரிப்பிள்ளையின் நூற்சேகரம் உள்ளது. அச்சேகரத்தின் பழம்பதிப்பு ஒன்றைப் படிக்க, நூலக அனுமதியும் தமிழறிவும் போதும். அந்நூலுக்கு 1992இல் ஒருவர் தம் வீட்டுக் கணினியில் உருவாக்கிய சொல்லடைவு இருக்குமானால், அதைப் படிக்க 640 கிலோபைட் கொண்ட கணினி ஒன்றை மீண்டும் கட்டியாகவேண்டும். அதைக் கட்டும் வழி இன்னும் அறியப்பட்டதாகவே இருக்கிறது, அறிந்தோரும் இருக்கின்றனர். நெகிழ்வட்டுகளின் காந்தப்பூச்சு அவ்வளவு பொறுமை காட்டாது. பெட்டிகளில் உறங்கும் அவற்றை முதலில் படியெடுத்து, எவ்வெம்மென்பொருளுக்கு உரியவை என்று அவற்றை உருவாக்கியோரிடமே கேட்டுக் குறித்துவைப்பது, தமிழ்த்துறைகளும் மொழியியல் துறைகளும் இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கத்தக்க பணி.